பழைய மூக்குக்கண்ணாடியில் ஒரு கேமரா லென்ஸ்

நாற்பது வயதைக் கடந்த நெசவாளர் ஒருவர் வசிக்கும் வீடு எதுவாயினும், ஆரணியை அடுத்த எங்கள் சேவூரில் அந்த வீட்டு அலமாரியிலே உபயோகத்திலிருந்து விலக்கப்பட்ட மூக்குக்கண்ணாடி ஒன்றேனும் இல்லாமலிராது. பட்டு நெசவு கைகளின் தொழில் என்று வெளியூரார் நினைப்பது இயல்பே. ஆயினும், முடிந்துபோன பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதும், அறுந்த இழையை விழுதிலும் அச்சிலும் தேடிப் பிடித்துக் கோப்பதும், சரிகைக் கரையில் ஓர் இழை பிசகினாலும் அதை அக்கணமே கண்டுகொள்வதும் எவ்வளவு நுட்பமான பார்வையை வேண்டுபவை என்பதைத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். வெள்ளெழுத்து தொடங்கியதும் கண்ணாடி வருகிறது. சில ஆண்டுகளில் பார்வை மாறுகிறது. பழையது அலமாரிக்குப் போய், அதற்கு மேல் புதியது வந்து சேருகிறது. அப்படிச் சேர்ந்து கிடக்கும் கண்ணாடிகளிலிருந்தும், தறிக்கூடத்திலும் பழைய இரும்புக் கடையிலும் அகப்படும் பிற பொருள்களிலிருந்தும் கேமராவுக்கு லென்ஸ் செய்வதைப் பற்றியே இந்தப் பதிவு. இது சற்று நீளமானது. விஷயம் அவ்வளவு விரிவுடையது.

இதை ஏதோ புதுமையான பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். கேமராவின் பூர்வீகமே இதுதான். இருட்டறையின் சுவரில் சிறு துளையிட்டால் வெளியுலகின் பிரதிபிம்பம் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும் என்பது வெகு காலமாக அறியப்பட்டிருந்தது. அந்தத் துளையில் ஒரு குவிவில்லையைப் பொருத்தலாம் என்று 1568-இல் அச்சான தம் நூலில் எழுதியவர் வெனிஸ் நகரத்து டானியேலே பார்பாரோ என்ற அறிஞர். அவர் அதற்கென்று விசேஷமான கண்ணாடி எதையும் செய்யச் சொல்லவில்லை. முதியவர்கள் அணியும் மூக்குக்கண்ணாடியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறுதான் சொன்னார். அதன் ஓரங்களை மறைத்து நடுப்பகுதியை மட்டும் திறந்து வைத்தால் பிம்பம் இன்னும் தெளிவாகும் என்பதையும் அவர் கூறினார். இன்று நாம் அபெர்ச்சர் என்று வழங்கும் தத்துவம் முழுவதும் அந்த ஒரு குறிப்பில் அடங்கியிருக்கிறது.

நான் லென்ஸாக்கியது எங்கள் ஆயாவின் கண்ணாடியை. அவர் அணிந்திருந்தது சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடியன்று. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் அந்நாளில் கொடுக்கப்பட்டு வந்த, நடுவில் மேடிட்டு நிற்கும் கனத்த கண்ணாடி அது. ஊரில் 'சோடாபுட்டி' என்பார்கள். புரை படர்ந்த இயற்கை லென்ஸைக் கண்ணுக்குள்ளிருந்து அறவே எடுத்துவிட்ட பிறகு, அது செய்துகொண்டிருந்த வேலையைக் கண்ணுக்கு வெளியே ஒரு கண்ணாடி செய்தாக வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 10 டையாப்டர் அளவில், சிலருக்கு அதற்குச் சற்று மேலும், சக்தி தேவைப்பட்டது. அத்தகைய கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு உலகம் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகத் தோன்றும், நேர்க்கோடுகள் வளையும், பக்கவாட்டில் ஒரு வளையம் போன்ற பகுதி பார்வைக்கே அகப்படாது. வாசற்படி இருக்குமிடம் சரியாகத் தெரியாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்த முதியவர்களை அந்தத் தலைமுறையில் காணாத தெருவே இல்லை.

அந்தக் கண்ணாடி இன்று ஏன் வழக்கொழிந்தது என்பதை இங்கே சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் போர்விமானங்களின் மேற்கூடு நொறுங்கி, அதன் பெர்ஸ்பெக்ஸ் துகள்கள் விமானிகளின் கண்களில் தைத்துத் தங்கிவிட்டபோது, கண் அவற்றைப் பகையாகக் கருதிப் புண்ணாகவில்லை என்பதை ஹெரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் கவனித்தார். அந்தப் பொருளிலேயே சிறு லென்ஸ் செய்து, 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒருவருடைய கண்ணுக்குள் பொருத்தினார். நெடுங்காலம் அது செல்வ நாடுகளின் மருத்துவமாகவே இருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலை நிறுவப்பட்டு, அந்த லென்ஸ்கள் மதுரையிலேயே மலிவாகச் செய்யப்படத் தொடங்கிய பின்னரே ஏழை எளியவர்களின் கண்ணுக்குள்ளும் அவை போய்ச் சேர்ந்தன. தமிழ்நாட்டில் செய்யப்பட்ட லென்ஸ்களிலே இதைக் காட்டிலும் போற்றத்தக்கது ஒன்று இருப்பதாக நான் எண்ணவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடிகள் அலமாரிகளில் ஓய்வெடுப்பதற்கு இதுவே காரணம்.

இனி செய்முறைக்கு வருவோம். ஆயிரத்தை டையாப்டர் எண்ணால் வகுத்தால் குவியத்தூரம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 2 டையாப்டர் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு அது 500 மில்லிமீட்டர்; கேமராவில் வைத்து ஆளுவதற்கு அது மிக நீளம். 10 டையாப்டர் கண்ணாடிக்கோ 100 மில்லிமீட்டர். மனித முகத்தைப் படமெடுப்பதற்குப் புகைப்படக்காரர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் தூரம் ஏறத்தாழ அதுவேதான். எண் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, அதன் முன்னே கண்ணாடியைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், தெருக்கோடியிலுள்ள வேப்பமரம் தலைகீழாகத் தெளிந்து நிற்கும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியே குவியத்தூரம்.

சட்டத்திலிருந்து கழற்றிய கண்ணாடியை ஆரணியில் உள்ள எந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுத்தாலும் ஓரத்தை வட்டமாகத் தேய்த்துத் தருவார்கள். குழலுக்கு பிவிசி குழாயே உத்தமம். இரண்டு அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றும், அதன் மேல் நழுவக்கூடிய இணைப்புத் துண்டு ஒன்றும் எடுத்து, இடையே கறுப்பு வெல்வெட் துணியைச் சுற்றி ஒட்டினால், குழல் இறுக்கமாகவும் வழவழப்பாகவும் நகரும், வெளிச்சமும் உட்புகாது. கேமராவின் வாயை மூடும் பிளாஸ்டிக் மூடியின் நடுவே வட்டமாக வெட்டி அதைக் குழலின் பின்முனையில் ஒட்டிவிட்டால், அதுவே கேமராவில் பூட்டும் வளையமாகிவிடும். மூடியை வெட்டிய பிறகு நன்றாகக் கழுவிக் காயவைத்தே கேமராவுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் தூசு சென்சாரில் படிந்தால் அதை நீக்குவது பெரும் பிரயாசை.

குழலின் நீளத்தைக் கணக்கிடுவதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. உள்ளே ஆடி பதித்த பழைய எஸ்எல்ஆர் வகைக் கேமராக்களில், லென்ஸ் பூட்டும் வாய்க்கும் சென்சாருக்கும் இடையே கேனனில் 44 மில்லிமீட்டரும், நிக்கானில் 46.5 மில்லிமீட்டரும் இடைவெளி இருக்கும். ஆகையால் 100 மில்லிமீட்டர் கண்ணாடி, தொலைவிலுள்ள மலையைத் தெளிவாகக் காட்ட, வாயிலிருந்து ஏறக்குறைய 55 மில்லிமீட்டர் முன்னே நிற்க வேண்டும். புதிய மிரர்லெஸ் கேமராக்களில் அந்த இடைவெளி 16 முதல் 20 மில்லிமீட்டர் வரைதான். ஆகவே குழல் 80 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஒரு மீட்டர் தொலைவிலுள்ள முகத்துக்கு லென்ஸை மேலும் 11 மில்லிமீட்டர் முன்னே இழுக்க வேண்டும். அரை மீட்டரில் உள்ள புடவைத் தலைப்புக்கு 25 மில்லிமீட்டர். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு, கடையில் வாங்கும் லென்ஸைத் திருகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது பிறகு ஒருநாளும் மறக்காது. குழலின் உட்புறத்தில் கறுப்பு சார்ட் காகிதம் ஒட்டுவதை மட்டும் விட்டுவிடக் கூடாது. வெள்ளைக் குழாய்க்குள் சிதறும் வெளிச்சம் படத்தை முழுவதும் வெளுத்துவிடும்.

அபெர்ச்சருக்குத்தான் எங்கள் ஊர் ஒரு தனிச் செல்வத்தை வைத்திருக்கிறது. சேலையின் டிசைனைத் துளைகளாகத் தாங்கி ஜக்கார்டு பெட்டியில் ஓடிய அட்டைகள், அந்த டிசைன் வழக்கொழிந்த பின், கட்டுக் கட்டாகத் தறிக்கூடத்து மூலையில் கிடக்கின்றன. கணினியால் இயங்கும் ஜக்கார்டு வந்த இடங்களில் அவற்றுக்கு வேலையே இல்லை. கனமும் உறுதியும் உள்ள அந்த அட்டையை வட்டமாக வெட்டிக் கறுப்பு மை பூசி, நடுவில் 12.5 மில்லிமீட்டர் துளையிட்டால், 100 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அது எஃப் 8. 25 மில்லிமீட்டர் துளையிட்டால் எஃப் 4. வட்டத்தில் ஏற்கெனவே ஜக்கார்டு ஊசிகளுக்காகக் குத்தப்பட்ட சிறு துளைகள் இருக்குமல்லவா? அவற்றை அடைக்காமல் விட்டால்தான் அதிசயமான பலன் கிடைக்கிறது. ஆஸ்திரிய நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹைன்ரிக் கூன் என்பவருடைய யோசனையை ஒட்டி, 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ரோடன்ஸ்டாக் நிறுவனம் இமேகான் என்ற லென்ஸை வெளியிட்டது. அதன் முன்னே பொருத்தும் தகட்டில் நடுவே ஒரு பெரிய துளையும், சுற்றிலும் சல்லடை போலச் சிறு துளைகளும் இருந்தன. புகைப்பட உலகில் பெரும் புகழ் பெற்ற அந்தத் தகட்டுக்கு நிகரான ஒன்று எங்கள் தறிக்கூடத்துக் குப்பையில் கிடப்பதை எண்ணி நான் பல நாள் மகிழ்ந்திருக்கிறேன்.

அந்தச் சிறு துளைகள் செய்யும் வேலை யாதெனில்: கோள வடிவமாகத் தேய்க்கப்பட்ட ஒற்றைக் கண்ணாடியில், ஓரத்தின் வழியே வரும் கிரணங்கள் நடுவின் வழியே வரும் கிரணங்களைவிடச் சற்று முன்னதாகவே குவிந்துவிடுகின்றன. நடுத்துளை தெளிவான ஒரு பிம்பத்தை இயற்றும். ஓரத்துத் துளைகள் அதே பிம்பத்தின் மேல் மெல்லிய ஒளிப்படலம் ஒன்றைப் போர்த்தும். துளைகளைக் கூட்டியும் குறைத்தும் அந்தப் படலத்தின் அளவை நாமே தீர்மானிக்கலாம்.

இதன் பெருமை சரிகையைப் படமெடுக்கும்போதுதான் முழுவதும் புலப்படுகிறது. தொழிற்சாலை லென்ஸ் சரிகையைக் கூர்மையாக எடுக்கிறது. ஒவ்வோர் இழையும் எண்ணக்கூடிய அளவுக்குத் தெரிகிறது. ஆனால் அது மின்னுவதில்லை. மின்னுதல் என்பது நகரும் கண்ணுக்கும் நகரும் துணிக்கும் இடையே நிகழ்வது. நிலைத்த படத்தில் அது வெறும் வெள்ளைப் புள்ளியாக உறைந்துவிடுகிறது. ஆயாவின் கண்ணாடியோ, அந்த ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒளியைச் சிறிது பரப்பி வைக்கிறது. அந்தப் பரவலைக் கண்டவுடன் மனம் அதை மின்னுதலாகவே ஏற்றுக்கொள்கிறது. ஓட்டுக்கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து இறங்கும் காலை வெயில், தறியில் இருந்த அரக்குச் சேலையின் மயில் கரையில் விழும் வேளையில் எடுத்த படம் ஒன்றைத் தறிக்குச் சொந்தக்காரரான பெரியவரிடம் காட்டினேன்.

"இன்னா தம்பி, இது ஆயா போட்டுக்கினு இருந்த கண்ணாடியா?" என்று முதலில் குழலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமாங்க மாமா. வலது கண்ணு கண்ணாடி."

படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "சேலைய தறியிலேர்ந்து எறக்கி வெயில்ல விரிச்சதும் கண்ணு கூசும் பாரு, அது இதுல வந்துகீது" என்றார். ஐம்பது வருஷம் சரிகையோடு பழகிய கண்ணின் தீர்ப்பைக் காட்டிலும் மேலான அத்தாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒற்றைக் கண்ணாடிக்கு வேறு குணங்களும் உண்டு. நீலக் கிரணமும் சிவப்புக் கிரணமும் அதில் ஒரே இடத்தில் குவிவதில்லை. 100 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள சாதாரணக் கண்ணாடியில் அவ்விரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். வெண்ணிற இழைகளின் ஓரத்தில் ஊதா நிறம் படிவது அதனால்தான். பழைய கண்ணாடியும், சிஆர் 39 என்ற பிளாஸ்டிக்கும் இந்த விஷயத்தில் நல்லவை. இப்போது பரவலாகியுள்ள பாலிகார்பனேட்டில் இந்தக் குறை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிறக்கசிவு மறைந்து மென்மை மட்டும் எஞ்சும். ஓரங்கள் தெளிவிழப்பதும் உண்டு. அதற்கு ஆங்கிலேய விஞ்ஞானி வில்லியம் ஹைட் வோலஸ்டன் 1812-இல் வழி சொன்னார். ஒருபுறம் குழிந்தும் மறுபுறம் குவிந்தும் உள்ள கண்ணாடியின் குழிந்த பக்கத்தை வெளியே நோக்கி வைத்து, அபெர்ச்சரை அதற்குச் சற்று முன்னே நிறுத்தினால், படத்தின் பரப்பெங்கும் ஓரளவு சமமான தெளிவு வரும்.

மென்மையான படத்தைப் பழுதான படம் என்று கருதுவோருக்கு ஜூலியா மார்கரெட் கேமரனின் பெயரைச் சொல்ல விரும்புகிறேன். கல்கத்தாவில் பிறந்து, நாற்பத்தெட்டு வயதில் கேமராவைக் கையிலெடுத்த அந்த அம்மையார், முதலில் உபயோகித்த பிரெஞ்சு லென்ஸில் நிறத்திருத்தம் பூரணமாக இல்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த இடமும் தகட்டில் தெளிவாக விழுந்த இடமும் வேறுபட்டன. அவர் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்தினார். அக்காலத்து விமரிசகர்கள் இகழ்ந்தார்கள். பின்வந்த உலகம் அவரை முதல்வரிசையில் வைத்திருக்கிறது. 1875-இல் குடும்பத்தோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879-இல் அங்கேயே காலமான அவர், அத்தீவின் தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்திருக்கிறார். கடல் கடந்து உழைக்கப் போன தமிழ் மக்களின் முகங்கள் அவருடைய கேமராவின் முன்னே நின்றிருக்கின்றன.

செக் நாட்டின் கியோவ் நகரில் வாழ்ந்து 2011-இல் மறைந்த மிரோஸ்லாவ் டிகி, பிளெக்ஸிகிளாஸைத் தேய்த்துப் பற்பசையாலும் சாம்பலாலும் மெருகேற்றி லென்ஸ் செய்தவர். வீட்டு லென்ஸ் என்றதும் பலரும் அவரையே முன்னுதாரணமாகக் காட்டுகிறார்கள். அவருடைய கைத்திறன் எனக்கு வியப்பைத் தருகிறது; ஆனால் பெண்களை அவர்கள் அறியாமல் தொடர்ந்து படமெடுத்த அவருடைய வழக்கத்தை என்னால் ஏற்க இயலாது. எளிய லென்ஸ், எதிரே நிற்பவர் அறியாமல் எடுத்த படத்தை நியாயப்படுத்திவிடாது.

மற்றப் பொருள்களைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். உடைந்த பைனாகுலரின் முன்புறக் கண்ணாடி, இரண்டு வகைக் கண்ணாடிகளை ஒட்டிச் செய்யப்பட்டதாகையால், நிறக்கசிவின்றி நல்ல தொலைவு லென்ஸாகும். துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணும் மடக்குக் கண்ணாடி ஐந்து மடங்கு பெரிதாக்குவதானால் அதன் குவியத்தூரம் 50 மில்லிமீட்டர். பூச்சி, விதை, இழை ஆகியவற்றை மிக நெருங்கி எடுக்க அதுவே போதும். பழைய சினிமாப் புரொஜெக்டரின் பித்தளை லென்ஸ் இரும்புக் கடையில் எடைக்குப் போடப்பட்டிருப்பதைக் கண்டால் கேட்டு வாங்குங்கள். ஜோசப் பெட்ஸ்வால் 1840-இல் வகுத்த அமைப்பைத் தழுவியவை அவற்றில் உண்டு. நடுவில் தெளிவும் ஓரத்தில் சுழன்றோடும் மங்கலும் அவற்றின் லட்சணம்.

மேலே சொன்ன நிறக்கசிவைக் கண்ணாடியால் ஒருபோதும் நீக்க இயலாது என்று நியூட்டனே முடிவு கட்டி, லென்ஸுக்குப் பதிலாகக் குழி ஆடியை வைத்துத் தொலைநோக்கி செய்தார். அவருடைய முடிவு தவறு என்பது 1758-இல் ஆங்கிலேய லென்ஸ் வினைஞர் டாலண்ட் இரட்டைக் கண்ணாடி லென்ஸை வெளியிட்டபோது யாவருக்கும் விளங்கிற்று. ஆனால் ஆடியின் மார்க்கம் வாடிவிடவில்லை. அதன் சிகரங்களில் ஒன்று எங்களுக்கு மேற்கே, ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் நிற்கிறது. 1968-இல் அங்கே வேலையைத் தொடங்கிய முதல் தொலைநோக்கி, 38 சென்டிமீட்டர் விட்டமுடையது, வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்டதன்று. வானியலாளர் வைணு பாப்பு அவர்களின் தலைமையில் நம்மவர்களே செய்தது. அதன் ஆடியைத் தேய்த்தவர் ஏ. பி. ஜெயராஜன். அதே கைகளின் வழிகாட்டுதலில்தான் பின்னர் பெங்களூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய ஆடியும் தேய்க்கப்பட்டு, 1986 ஜனவரியில் காவலூரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தொலைநோக்கியில் அமர்ந்தது.

ஆடி தேய்ப்பதன் அடிப்படை எளியது. இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இடையே உராய்வுப் பொடியும் நீரும் இட்டுத் தள்ளித் தள்ளித் தேய்த்துக்கொண்டே போனால், மேலுள்ளது குழியும், கீழுள்ளது குவியும். ஆனால் முடிவில் அந்தப் பரப்பு ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவுக்குள் சரியாக அமைய வேண்டும். அதைச் சோதிக்க பிரான்ஸ் தேசத்து ஃபூக்கோ 1858-இல் கண்டுபிடித்த பரீட்சைக்குத் தேவையானவை ஒரு சிறு விளக்கும் ஒரு கூரிய அலகும் மட்டுமே. சவர பிளேடே அதற்குப் போதுமானது. காவலூருக்குப் போகும் சேவூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடத்தின் பிரம்மாண்டத்தை மட்டும் காட்டித் திருப்பி அழைத்துவராமல், கையால் தேய்த்த கண்ணாடி அதன் இருதயமாக இருப்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பட்டிழையை விரல்நுனியால் அறியும் குழந்தைகளுக்கு அந்த வேலையின் தன்மை மற்றவர்களைக் காட்டிலும் விரைவில் விளங்கும்.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். பார்க்கத் தகுந்த நிலையில் உள்ள பழைய கண்ணாடியை, அது தேவைப்படும் கண்ணுக்கே முதலில் கொடுங்கள். கண் முகாம் நடத்துவோரில் அவற்றை வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. கீறல் விழுந்து, சட்டம் உடைந்து, எவருக்கும் ஆகாது என்று ஆனதை மட்டும் லென்ஸுக்கு எடுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்கும்போது சூரியனை நோக்கிப் பிடிக்க விடாதீர்கள். கேமராவையும் அங்ஙனமே சூரியனுக்கு நேராகத் திருப்பாதீர்கள். வீட்டில் சோடாபுட்டிக் கண்ணாடி வைத்திருக்கும் ஆரணி வட்டாரத்து அன்பர்கள் எழுதினால், குழலும் அட்டையும் நானே வெட்டிக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டுத் தறியை அந்தக் கண்ணாடியால் நீங்களே படமெடுங்கள்.